லோக்கல்ஹோஸ்ட்

விருந்தினரையும் விருந்தோம்புவாரையும் ஒருங்கே குறித்த ‘ஹாஸ்பெஸ்’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்த ‘ஹோஸ்ட்’, ஸ்தலத்தைக் குறிக்கும் ‘லோக்கஸ்’ வழிவந்த ‘லோக்கல்’ என்பதோடு சேர்ந்து, கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் பெயராயிற்று. அழைப்பதும் அழைக்கப்படுவதும் ஒரே யந்திரமாகிய இவ்விடத்தில் அந்தப் பழைய இரட்டை அர்த்தம் புத்துயிர் பெற்றிருப்பது எனக்கு மிகுந்த ஆனந்தம் தருவது. இப்பெயருக்குரிய முகவரி 127.0.0.1, புதிய முகவரி முறையில் ::1. நம் கணினியில் நிறுவிய அப்பாச்சி என்னும் வெப் சர்வரை இப்பெயரால் அழைக்கையில், ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று பிரவுசர் காட்டுமானால், வெளியிலுள்ள இணையத்தின்மீது சந்தேகம் கொள்வது வீண். இவ்வழைப்பு யந்திரத்தை விட்டு வெளியே செல்வதே இல்லை. சர்வர் ஓடுகிறதா, நாம் அழைக்கும் போர்ட்டில்தான் அது செவிசாய்க்கிறதா என்று பார்ப்பதே முதற்காரியம். பெயரால் திறவாத பக்கம் 127.0.0.1 என்ற எண்ணால் திறக்குமாயின், பெயர் ::1-ஐ நாடிச் செல்ல, சர்வர் பழைய முகவரியில் மட்டும் செவிசாய்த்திருக்கக்கூடும். பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் அப்போது பரிசோதிப்பது அவசியம்.