எழுத்தும் ஓர் இலச்சினை

அரசனுக்குக் கொடி உண்டு. வணிகனுக்கு முத்திரை உண்டு. ஆட்சியும் செல்வமும் கைநழுவிய ஓர் இனத்திற்கு எது இலச்சினை? அசாமில், பிரம்மபுத்திராவின் வடகரையில் பெரும்பாலும் வாழும் போடோ மக்களின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகர்கிறது.

அம்மக்களின் பழைய அடையாளம் ஒரு கள்ளிச் செடி. 'சிஜௌ' என்பது அதன் பெயர். பாத்தோ சமயத்தார் முற்றத்தில் அதனை நட்டு, மூங்கில் வேலியிட்டு வழிபடுவர். அதன் தண்டிலுள்ள ஐந்து வரம்புகள் ஐம்பூதங்களைக் குறிக்கும் என்பர். அவ்வழிபாட்டை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. முற்றத்துச் செடி முன்னோரை நினைவூட்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கோ ஏடு வேண்டுமன்றோ!

அவ்வேட்டினைத் தேடிப் புறப்பட்டனர் கற்ற இளைஞர். 1924இல் 'பிபார்' என்னும் இதழ் மலர்ந்தது; பிபார் என்றாலே மலர்தான். 1952 நவம்பர் 16இல் பாசுகாவில் போடோ சாகித்திய சபை தோன்றியது. 1963இல் தொடக்கப்பள்ளியில் போடோ மொழி பயிற்றுமொழியாயிற்று.

மொழி பள்ளியேறியதும் எழுத்துச் சிக்கல் எழுந்தது. போடோ மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தது; அதன் பாடநூல்களோ அசாமிய எழுத்தில் இருந்தன. சபையினர் உரோமன் எழுத்தை விரும்பினர். 1974இல் அவ்வெழுத்தில் பாடநூலைப் புகுத்தினர். மாநில அரசு மறுத்தது. கிளர்ச்சி மூண்டது, துப்பாக்கிகள் முழங்கின, போராடியோர் பலர் மாண்டனர். இறுதியில், 1975இல், நடுவணரசின் முயற்சியால் தேவநாகரி ஏற்கப்பட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று!

கோட்டிலும் வளைவிலும் தெய்வத்தன்மை ஏதுமில்லை. எம்மொழியையும் எவ்வெழுத்திலும் எழுதலாம். அவ்வாறாயின் அவர்கள் உயிர் கொடுத்தது எதற்கு? வடிவத்திற்கன்று, தம் பிள்ளைகள் எதில் எழுத வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமைக்கு! அவ்வுரிமையே ஓர் இனத்தின் மெய்யான இலச்சினை.

2003இல் போடோ மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. 2020இல் அசாமின் இணை ஆட்சிமொழியுமாயிற்று. தேவநாகரியிலேயே அம்மொழி இன்று வளர்கிறது, நூல்கள் பெருகுகின்றன. வளர்ச்சி கண்டு மகிழ்வோம். அதற்குக் கொடுத்த விலையை மறவோம். பிறமொழிக் குழந்தையின் பலகையைக் காணும்போது, எழுத்து அழகாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அதனைத் தேர்ந்தவர் யார் என்றும் கேட்போமாக!