ஐபிஎம் கீபோர்டின் வயிற்றுக்குள்ளே

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த நம் வயதுக்காரர்களுக்கு இன்றைய கீபோர்டுகள் ஒத்து வருவதில்லை. எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரிவதே இல்லை. ஐபிஎம் கம்பெனி டைப்ரைட்டர் செய்து பழகிய கை. தன் கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சுருள் ஸ்பிரிங்கை நிறுத்தி வைத்தது. அமுக்க அமுக்க ஸ்பிரிங் தாங்கும். ஒரு கட்டத்தில் இடுப்பு ஒடிந்த மாதிரி சட்டென்று பக்கவாட்டில் வளையும். அந்த நொடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், எழுத்தும் பதிவாகும். ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஐபிஎம் இன்ஜினியரின் யோசனை. 1978ல் பேடண்ட் கிடைத்தது.

அதே 1978ல்தான் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அன்னியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்கச் சொன்னார்கள், கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. மறுபடி வந்தது 1992ல், டாடாவோடு கூட்டு சேர்ந்து. அதனால் நம் ஆபீஸ்களில் பலர் இந்த ஸ்பிரிங் கீபோர்டைத் தொட்டதே கிடையாது. மாப்பிள்ளை அமெரிக்காவில் பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கி வந்த பிறகுதான் எனக்கே இதெல்லாம் தெரிய வந்தது.

இதில் இரண்டு தலைமுறை உண்டு. 1981ல் முதல் பிசியோடு வந்தது மாடல் எஃப், 83 விசை. 1985ல் வந்தது மாடல் எம். இரண்டிலும் ஸ்பிரிங் ஒன்றுதான், அது லேசில் கெடுவதும் இல்லை. கெடுவது அதைச் சுற்றியுள்ள மலிவான சாமான். எது கெட்டது என்று பார்த்தாலே கம்பெனி எந்த வருஷம் எங்கே காசைப் பிடித்தது என்று சொல்லிவிடலாம்.

மாடல் எஃபில் மேலும் கீழும் இரும்புத் தகடு. நடுவில் சர்க்யூட் போர்டு, அதற்கு மேல் மெத்தை மாதிரி ஒரு நுரை ஷீட். விசைக் குழாய்களை ஆடாமல் இறுக்கிப் பிடிப்பது அந்த நுரைதான். பாலியூரித்தேன் நுரைக்குக் காற்றின் ஈரம் ஆகாது. நாற்பது வருஷத்தில் சில பொடிப்பொடியாக உதிர்கின்றன, சில தார் மாதிரி ஒட்டுகின்றன. துணுக்கு போர்டில் சிக்கினால் எழுத்து தாறுமாறாக விழும். ஆனால் இதைச் செய்தவர்கள் ஒரு புண்ணியம் செய்தார்கள்: தகடுகள் ஒன்றோடொன்று நாக்கு மாட்டி நிற்கின்றன. தள்ளினால் கழன்றுவிடும். பழைய நுரையைச் சுரண்டி, புது ஷீட்டில் ஓட்டை போட்டு வைக்கலாம். கனம் மட்டும் சரியாக இருக்கவேண்டும். கூடினால் தகடு மூடாது, குறைந்தால் குழாய்கள் ஆடும்.

மாடல் எம் விலையைக் குறைக்கப் பிறந்த பிள்ளை. தனித்தனிக் குழாய்களுக்குப் பதில் எல்லாம் சேர்ந்த ஒரே பிளாஸ்டிக் தட்டு. சர்க்யூட் போர்டுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். அந்தத் தட்டிலேயே முளைத்த குச்சிகளை இரும்புத் தகட்டின் ஓட்டையில் விட்டு, நுனியைச் சூட்டில் உருக்கித் தட்டிவிட்டார்கள். அதுதான் ரிவெட். கழற்ற வழியே இல்லை! குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. அப்படிச் செய்ததால்தான் அது லட்சக்கணக்கான மேஜைகளுக்குப் போனது. ஆனால் பிளாஸ்டிக் காய்ந்து ரிவெட் தலைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும்போது, தகடு விலகி விசைகள் சவசவவென்று ஆகிவிடுகின்றன.

எங்கள் வீட்டில் இருப்பது மாடல் எம். பின்பக்க லேபிளில் 1989 என்று இருக்கிறது. குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். மேல்மூடிக்கு 5.5 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் போதும். அதற்குப் பிறகுதான் கஷ்டம். மிச்சமிருக்கும் ரிவெட்களையும் உளியால் வெட்டி எறிய வேண்டும். குச்சி இருந்த இடத்தில் ட்ரில் செய்து எம்2 போல்ட், நட் போட வேண்டும். துணிந்து வெட்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. பழசை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. டைப் அடிக்க முடியாத கீபோர்டை அலமாரியில் வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

மூன்று நாள் பிடித்தது. தட்டைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் கனமான புத்தகங்களை முட்டுக் கொடுத்து, ஸ்பிரிங்குகள் கீழே தொங்கும்படி வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால்தான் அடியிலிருக்கும் குட்டிச் சுத்தியல்கள் இடம் மாறாது. போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். இறுக்கம் அதிகமானால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ட்ரில் பிடிக்கும்போது என் கை நடுங்குகிறது என்று அந்த வேலையை மட்டும் தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரர் செய்து கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். ஒரு பக்கம் டைப் அடித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

உதிர்ந்த ரிவெட் தலைகள் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. எறியச் சொல்லி வீட்டில் தினமும் ஒரு தடவை உத்தரவு வருகிறது.