தனி வகுப்பும் பிழை திருத்தமும்: கொழும்புத் தமிழ் மாணவரின் பரீட்சை ஆயத்தம் குறித்து

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், க.பொ.த. பரீட்சைகளுக்கான ஆயத்தம் இன்று பெரும்பாலும் கட்டணம் செலுத்திப் பெறப்படுவதாகவே இருப்பதை கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெளிவாகக் காணலாம். பாடசாலைப் பாடத்திட்டத்தையே பின்பற்றி, பாடசாலைக்குப் புறத்தே கட்டணத்துக்கு நடைபெறும் இக்கற்பித்தலைக் கல்வியியலாளர் மார்க் பிரே ‘நிழற் கல்வி’ என்னும் கருத்தாக்கத்தின்கீழ் ஆராய்ந்துள்ளார். காலி வீதியை அண்டிய ஒழுங்கைகளில் மண்டபம் நிறைய மாணவர் அமரும் ரியூட்டரியும், தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் மட்டும் அமரும் தனி வகுப்பும் அதன் இரு வடிவங்களாகும். பின்னதற்குப் பெற்றோர் கூடுதலாகக் கொடுப்பது தனிக் கவனத்துக்காகவே என்றாலும், அக்கவனம் மாணவரின் எழுத்துவேலையின்மீது விழாதவரை தனி வகுப்பு ரியூட்டரியின் சிறு பிரதியாகவே எஞ்சுகிறது.

தனிக் கற்பித்தலில் பயின்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் பயின்றோரில் 98 சதவீதமானோரை விஞ்சினார் என 1984இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதினார். இவ்வேறுபாடு ஏறத்தாழ 2 நியம விலகல் ஆகும். புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவே நியம விலகல். 2011இல் ஆய்வாளர் கேர்ட் வான்லேன் செய்த மீளாய்வு அவ்விளைவை 0.79 நியம விலகல் அளவுக்குக் குறைத்துக் காட்டியது. இக்குறைவைவிடக் கவனிக்கத்தக்கது, புளூமின் தனிக் கற்பித்தலில் இடையிடையே சோதனைகளும் அவற்றைத் தொடர்ந்த திருத்தமும் உள்ளடங்கியிருந்தமையே ஆகும்; கொழும்பில் நடைபெறும் பல தனி வகுப்புகளில் விடுபடுவது இத்திருத்தமே.

சாதாரண தரக் கணிதத்தில் வரும் சமனிலியொன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓர் எண்ணின் −2 மடங்கு 6இலும் பெரியதெனில் அவ்வெண் யாது என வினவப்படும்போது, இரு பக்கத்தையும் −2ஆல் வகுக்கும் மாணவர் குறியை மாற்ற மறந்து, ‘−3இலும் பெரியது’ என எழுதுகிறார். மண்டப வகுப்பில் சரியான விடை பலகையில் எழுதப்பட, அவர் அதைக் கொப்பியில் பிரதிசெய்து சரியடையாளம் இட்டுவிடுகிறார். தனி வகுப்பிலோ, 0ஐயும் −4ஐயும் பிரதியிட்டுப் பார்க்கும்படி ஆசிரியர் கேட்கலாம்: முன்னது பொருந்தாமலும் பின்னது பொருந்தியும் வருவதை மாணவர் தாமே கண்டால், மறை எண்ணால் வகுக்கும்போது குறி ஏன் திரும்புகிறது என்பது மனனம் செய்த விதியாக இல்லாமல் விளக்கமாக அமையும். இதற்குப் பத்து நிமிடம் செல்லும். கடந்தகால வினாத்தாள்களை ஆண்டுவாரியாக முடித்துத் தருவதே ஆசிரியரின் கடமை எனக் கருதும் வீட்டில் அப்பத்து நிமிடம் வீண்விரயமாகத் தோன்றுவது வருந்தத்தக்கது.

வினாத்தாள்களை முடித்துவிடும் இவ்வவசரம் உயர்தரத்தில் மேலும் கூடுகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்ட ஒதுக்கீட்டில் 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் இடம் வழங்கப்படுகிறது. இத்தெரிவுக்கு, பாடங்களின் கடினத்தன்மை வேறுபாட்டைச் சமன்செய்யும் இசட் புள்ளி பயன்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்குக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி உயர்ந்து நிற்பதால், பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் தனி ஆசிரியரைத் தேடும் வழக்கம் வலுப்பட்டுள்ளது. ஆனால் 9ஆம், 10ஆம் தரங்களில் வேரூன்றிய பிழையை அக்கடைசி மாதங்களில் களைவது அரிது. உதவி முன்கூட்டியே, குறைந்த நேரத்துக்கேனும் கிடைப்பதே மேலானது.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளில் நாட்கூலியில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்கூட்டிய உதவியும் எட்டாததாகவே உள்ளது. ஆசிரியர்கள் தம் பாடசாலை மாணவருக்கே கட்டண வகுப்பு நடத்துவதைத் தடுக்கும் நிர்வாக ஏற்பாடுகள் நேர்மையின்பொருட்டு அவசியமானவை எனினும், அப்பிள்ளைகளின் கொப்பியைத் திருத்த அவை ஒருவரையும் அனுப்பிவிடுவதில்லை. அப்பொறுப்பைப் பழைய மாணவர் சங்கங்களும், வெள்ளவத்தையில் வாடகை அறைகளில் தங்கித் தனி வகுப்பு எடுத்துச் செலவை ஈடுசெய்யும் பல்கலைக்கழக மாணவரும் ஏற்கலாம்: தவணைப் பரீட்சை விடைத்தாள் கைக்கு வந்த வாரத்திலேயே, புள்ளி இழந்த ஒவ்வொரு வினாவையும் பிள்ளையைக் கொண்டே மீண்டும் செய்விப்பதற்கு வாரம் ஒரு மணித்தியாலமும், பாடசாலையில் மாலை வேளையில் திறந்திருக்கும் ஒரு வகுப்பறையும் போதும்.