பெட்டிசமும் அதிகாரமும்: தீவுப்பற்றில் வழக்காடலின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'பெட்டிசம்' என்னும் சொல் பெற்றுள்ள பொருட்கனம் அதன் ஆங்கில மூலத்துக்கு இல்லை. மூலத்திலே அது விண்ணப்பம். தாழ்ந்து நின்று கேட்பதைக் குறிப்பது. நம்மவரிடையே அது தாக்குதலைக் குறிக்கும். ஒருவருக்குப் 'பெட்டிசம் போட்டாச்சு' என்றால் விதானைக்கோ, பாடசாலைத் தலைமையாசிரியருக்கோ, ஆஸ்பத்திரி அப்போதிக்கரிக்கோ எதிராக மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதப்பட்டுவிட்டது என்பதே பொருள். கையொப்பம் இல்லாதது மொட்டைப் பெட்டிசம். அரசாங்க உத்தியோகத்தரைச் சட்டத்தின் கடதாசிகளைக் கொண்டே அலைக்கழிக்கும் இவ்வழக்கத்தை யாழ்ப்பாணத்தாரின் 'வழக்காடும் குணம்' என்று கூறி நகைத்துவிட்டுப் போவது நெடுங்கால மரபு. குணம் என்று ஒன்றைக் கூறிவிட்டால் அதற்குரிய காரணத்தைத் தேடவேண்டியதில்லை என்பது இத்தகைய விளக்கங்களுக்குள்ள பெரும் வசதி. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலியவற்றை உள்ளடக்கிய தீவுப்பற்றை மனங்கொண்டு அக்காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலம். தீவுகளின் மண் சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லியதாகப் படர்ந்தது. ஆறு இல்லை, நன்னீர்க் கிணறு எல்லா இடங்களிலும் இல்லை, பனை உண்டு. இவ்வாறு அருகிய நிலம் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடுகளின் வழியே தலைமுறைதோறும் பிரிந்து, பிரிக்கப்படாத பங்குகளாகப் பல உரிமையாளர் கையில் நின்றது. 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட தேசவழமை இவ்வழக்குகளை எழுத்தில் நிலைநிறுத்தியது. 1806இல் பிரித்தானியர் அதனைச் சட்டமாக ஏற்றனர். பங்காளி தன் பங்கை விற்கும்போது ஏனைய பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் முற்கொள்ளும் உரிமை இருந்தது. அதனால் ஒவ்வோர் உறுதியும் ஒரு வழக்குக்கு வித்தாயிற்று. அடிமைகள் பற்றிய விதிகளும் அதே தொகுப்பில் இடம்பெற்றிருந்தன என்பதை மறத்தலாகாது; 1844இலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தோம்பு எழுதிய ஒல்லாந்தர் தீவுகளுக்கும் தம் நாட்டு நகர்ப் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்த தீவு லெய்டன். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இரண்டாவது, உத்தியோகம். கச்சேரியில் ஏசண்டுத்துரை, அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானை. கீழ்ப்படியிலிருந்த தலைமைக்காரருக்கு நெடுங்காலம் ஒழுங்கான சம்பளம் இருக்கவில்லை. பதவியின் பயன் அதனால் கிடைத்த செல்வாக்கே. காணி யாருடையது, மாடு யாருடையது, யார் நல்லவன், யார் சண்டியன் என்று அத்தாட்சி கூறுபவர் அவரே. அவர் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியின் செல்வாக்குள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராயிருந்தார். எனவே அவரை எதிர்த்து எழுந்த பெட்டிசங்களுட் கணிசமானவை அரசை எதிர்த்து எழுந்தவையல்ல; அதே வகுப்பின் மற்றொரு குடும்பம் அப்பதவியைத் தன்பக்கம் திருப்ப முயன்றதன் வெளிப்பாடுகள். மேற்பார்வைக்கு ஆட்சி எதிர்ப்பாகத் தோன்றுவது உண்மையில் ஆட்சி எறிந்த துண்டுக்கான போட்டியாகும்.

மூன்றாவது, கடல். இதனை நகரத்து ஆய்வாளர் எளிதில் மறந்துவிடுவர். நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு ஒருவரை இழுப்பதென்றால் காற்றும் வள்ளமும் ஒத்துவர வேண்டும். தவணை தள்ளிவைக்கப்பட்டால் மீண்டும் அதே பயணம். சாட்சிகளுக்குச் சாப்பாடு, பிரக்கிராசிக்குக் காசு, கந்தோருக்கு விடுமுறை எழுதிக் கொடுத்தல். வழக்கு வெல்வதற்காக வைக்கப்படுவதன்று, நடப்பதற்காக வைக்கப்படுவது. தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் தண்டனை ஏற்கெனவே நிறைவேறிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெடுந்தீவின் அதிகாரியாக இருந்து குதிரை வளர்ப்பை மேற்பார்வை செய்த லெப்டினன்ற் நோலன் மீதும் முறைப்பாடுகள் எழுந்தன. விசாரணை நடந்தது, நோலன் குற்றவாளியாகக் காணப்படவில்லை. பிற்காலத்தவர் அவரைத் தீவின் அரசர் என்றே வருணித்தனர். தனி மனிதர் ஒருவரிடம் ஒரு தீவு முழுவதும் ஒப்படைக்கப்பட்டிருந்த நிலையில், முறைப்பாட்டைப் பொய் என்று தீர்த்துவிடுவது எளிது; முறைப்பாட்டைத் தவிர வேறு வழி அத்தீவு மக்களுக்கு இருந்ததா என்ற வினா எந்த விசாரணைக்கும் உட்படாத வினா.

இவ்விடத்திலே குடியேற்ற அரசின் இரட்டைப் போக்கைக் கவனித்தல் வேண்டும். ஒருபுறம் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, அரச ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்து இன்னொருவருக்குத் தீங்கு செய்விப்பதைக் குற்றமாக்கியது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைக் கோவை, உத்தியோகத்தரை அவரது பதவிச் செயலுக்காக வழக்கில் இழுப்பதற்கு ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும் என விதித்தது. 1871ஆம் ஆண்டின் சட்டம் கிராம நியாயசபைகளிலிருந்து சட்டத்தரணிகளை விலக்கியே வைத்தது. மறுபுறம் அதே அரசுக்குப் பெட்டிசம் இன்றியமையாததாக இருந்தது. மக்கள் தெரிவுசெய்த மன்றம் இல்லாத ஆட்சியில் கீழே என்ன நடக்கின்றது என்பதை அறிய அதற்கு இருந்த காது அதுவே. கச்சேரிக்கு வந்த பெட்டிசம் வழக்கமாக 'அறிக்கைக்கு' என்ற குறிப்போடு கீழே அனுப்பப்படும். யாருக்கு? அந்தப் பகுதித் தலைமைக்காரருக்கே. அதாவது, விதானைக்கு எதிராக ஒரு கூலியாள் எழுதுவித்த மனு, பல சந்தர்ப்பங்களில் அந்த விதானையின் கைக்கோ அவரது இனத்தவரான மேலதிகாரியின் கைக்கோ திரும்பிவந்தது. எழுத்தறிவும் இங்கிலிசு எழுதுபவருக்குக் கொடுக்கப் பணமும் உள்ளவனுக்குப் பெட்டிசம் ஆயுதம். அவை இல்லாதவனுக்கு அது தன் கழுத்துக்குத் தானே கட்டும் கயிறு. யாழ்ப்பாணத்துக்குப் பின் தென்னிலங்கையிலே பணிபுரிந்த லெனாட் வூல்ஃப், 1913இல் வெளியிட்ட 'காட்டினுள் ஒரு கிராமம்' என்னும் நாவலில் இதே பொறிமுறையைத்தான் சித்திரித்தார். தலைமைக்காரனின் பகையே அங்கு நீதிமன்றத்தின் மொழியைப் பேசுகின்றது.

வூல்ஃபின் பெயர் வந்தபடியால் அவருக்கே நேர்ந்ததைக் கூறவேண்டும். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு இளம் அதிகாரியாக வந்த அவர்மீது யாழ்ப்பாணச் சங்கம் தேசாதிபதிக்கு முறைப்பாடு அனுப்பியது. பிரதான வீதியிலே குதிரைமேல் சென்றபோது நகரின் பிரபல சட்டத்தரணி ஹரி சந்திரசேகராவின் முகத்தில் சாட்டையால் அடித்தார் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அடித்ததே இல்லை, சாட்டையை நீட்டி ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டியதே நடந்தது என்பது வூல்ஃபின் விளக்கம். அவ்விளக்கத்தை நம்பாதிருக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் 1961இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலே அவர் மேலும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றார். அந்த மக்களின் நகரத்துப் பிரதான வீதியிலே தான் குதிரைமேல் அகங்காரத்துடன் வீற்றிருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று பின்னர் எண்ணத் தலைப்பட்டதாக எழுதுகின்றார். சம்பவ அளவில் பொய்யான பெட்டிசம் உறவு அளவில் மெய்யாக இருந்தது. பொய்முறைப்பாடு பற்றிப் பேசும் நீதிபதிகள் எவரும் இந்த வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகக் கண்டதாக நான் அறியேன். எனினும் வூல்ஃப் காணாத ஒன்றும் உண்டு. அவமதிக்கப்பட்ட அந்தக் கனவான்களின் வீட்டு வாசலிலே, அவர்கள் முன் சால்வையைத் தோளிற் போடவும் உரிமையற்று நின்றவர்களின் அவமதிப்பை எந்தச் சங்கமும் தேசாதிபதிக்கு எழுதவில்லை.

எழுதாதது மட்டுமன்று. 1929-30 காலப்பகுதியில் அரச உதவி பெற்ற பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் வழங்க வேண்டுமென்று கல்விப் பகுதி பணித்தபோது, யாழ்ப்பாணத்து உயர்சாதிப் பழமைவாதிகள் கையிலெடுத்த கருவிகளில் விண்ணப்பமும் ஒன்று, மற்றொன்று தீப்பெட்டி. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அரசுக்கு எதிரான கிளர்ச்சி என்று மட்டும் இதனைப் பதிவு செய்யும் வரலாறு, எந்த அரசாணைக்கு எதிராக, எவர் நலன் கருதி என்ற வினாக்களைத் தவிர்த்துவிடுகின்றது.

பிறநாட்டு அனுபவம் ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் 'பொஸி கொமிற்றாற்றஸ்' என்ற வலதுசாரி இயக்கம், மாவட்டத்துக்கு மேற்பட்ட அரசாங்கமே செல்லாது என்று வாதிட்டது. 1980களின் விவசாய நெருக்கடியில் கடனால் நிலமிழந்த கமக்காரரிடையே அக்கருத்துப் பரவிற்று. நீதிபதியோ வரி அதிகாரியோ தமக்குப் பெருந்தொகை கடன்பட்டிருப்பதாகப் பொய்யாகப் பதிவுசெய்து, அவரது வீட்டின்மீது பொறுப்பேற்றிவிடுவது அவர்களதும் அவர்களின் வாரிசுகளதும் உத்தி. வீட்டை விற்க முனையும்போதே உத்தியோகத்தர் அதை அறிவார். 1996இல் மொன்ரானாவில் இத்தகைய குழுவொன்று 81 நாட்கள் மத்திய பொலிசாரை எதிர்த்து நின்றது. 2008இல் இச்செயலுக்குப் பத்தாண்டுவரை சிறை விதிக்கும் மத்திய சட்டம் வந்தது. நெருக்கடி உண்மையானது, கமக்காரன் நிலமிழந்ததும் உண்மை. ஆனால் வங்கியின் மூலதனத்தை நோக்கவேண்டிய கோபம் பதிவுக் கந்தோர் எழுதுவினைஞரை நோக்கித் திருப்பப்பட்டது. யூதரையும் கறுப்பினத்தவரையும் இகழும் இனவாதம் அதற்குத் தத்துவம் வழங்கியது. இதனை மக்கள் எதிர்ப்பு என்று கொண்டாடும் முற்போக்காளர் எவரேனும் இருப்பின் அவர் மேற்கூறிய தீப்பெட்டியையும் கொண்டாடவேண்டியிருக்கும்.

ஆயினும் தொல்லை வழக்கு என்ற முத்திரையை அரசின் கையில் முழுவதுமாக ஒப்படைக்கவும் இயலாது. இங்கிலாந்து 1896இலும் சென்னை மாகாணம் 1949இலும் தொல்லை வழக்காடிகளைத் தடுக்கும் சட்டங்களை ஆக்கின. நீதிமன்ற அனுமதியின்றி அத்தகையோர் வழக்கிட முடியாது. அனுமதியை வழங்குவது நீதிமன்றமே என்பதால் இதில் ஓரளவு காப்பு உண்டு. ஆனால் நமது அனுபவத்தைப் பாருங்கள். சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் அரசின்மீது வழக்கிட்டார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றமோ 1967இல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்கிடவே முடியாது என்று கூறி மொழிப் பிரச்சினையைத் தொடாமல் விலகிற்று. 1969இல் கோமறைக் கழகம் அதை மறுத்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் வழியே அடைக்கப்பட்டது. ஒரு சில ரூபா சம்பள உயர்வுக்கான வழக்கு என்று பார்த்தால் அற்பமானது. ஒரு மக்கள் தொகுதியின் மொழியுரிமை அதனுள் இருந்தது.

தீவுப்பற்றின் இன்றைய நிலைமை இம்முத்திரையை மேலும் சிக்கலாக்குகின்றது. விதானைமுறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார், பெட்டிசம் ஒழியவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்குப் புதிய வடிவம் ஒன்றையும் அளித்தது. பிரதேச செயலகத்தின் கீழ்நிலை உத்தியோகத்தரை ஓயாத மனுக்களால் வாட்டுவோர் இன்றும் உண்டு; வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலில் தமக்குக் கீழானவர் எனக் கருதியவரின் பெயரைக் கண்டதும் எழுந்த மனுக்களைப் பற்றித் தீவகத்தாரிடம் கேட்டறியலாம். ஆனால் அதே செயலகங்களுக்கு வேறொருவகைக் கடதாசிகளும் வருகின்றன. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டோரின் உறவினர் எழுதியவை. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் காணாமற்போன இளைஞரின் தாய்மார் எழுதியவை. ஆணைக்குழு மாறும்போதெல்லாம் அவர்கள் அதே விடயத்தை மீண்டும் எழுதுகின்றனர். எழுதியதையே எழுதுவதால் அலுவலகத்துக்கு அது தொல்லையாகவும் தோன்றக்கூடும். இவை மொட்டைப் பெட்டிசங்கள் அல்ல. பெயரும் விலாசமும் திகதியும் உண்டு. எழுதத் தெரியாதவர் வைத்த பெருவிரல் அடையாளமும் உண்டு.