ஒரே கீசரில் நாலு பேர் குளியல்: மிக்சிங் வால்வு ஏன் தேவை?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை அறையில் தங்கி, ஷிப்ட் முடிந்ததும் ஒரே கீசரில் நாலு பேர் குளிக்கிறீங்களா? இதைக் கவனிங்க.

என்ன ஆபத்து?
15 லிட்டர் கீசரை 60 டிகிரியில் வைத்தால், 27 டிகிரி பச்சைத் தண்ணீர் கலந்து, 40 டிகிரியில் சுமார் 38 லிட்டர் கிடைக்கும். ஆனால் 60 டிகிரி நீர் நேரடியாகப் பட்டால் 5 விநாடியிலேயே தோல் ஆழமாக வெந்துவிடும்.

வால்வு என்ன செய்யும்?
தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வின் உள்ளே இருக்கும் மெழுகு, சூட்டில் விரிந்து வெந்நீர் வழியைக் குறுக்கும். பக்கத்துக் குழாயைத் திறந்தாலும் ஷவரில் திடீர்னு சூடு ஏறாது.

பொருத்தும்போது...
* மாடித் தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யுமானு கேட்டு வாங்குங்க.
* இரு குழாய்களிலும் நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம்.
* கீசரின் சேஃப்டி வால்வை அடைக்கவே கூடாது.
* போர்வெல் தண்ணீரில் உப்பு படியும். ஆண்டுதோறும் சுத்தம் செய்து, தெர்மாமீட்டரில் சோதிங்க.