லயமும் விலைமதிப்பும்: மீரியபெத்தவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு வீட்டின் விலையை மதிப்பிட வருபவர் அவ்வீட்டிற் செலவிடும் நேரம் சிறிது. அளவு நாடாவும் குறிப்பேடும் புகைப்படக் கருவியும் அவருக்குப் போதும். எனினும் மதிப்பீட்டறிக்கை கைக்கு வந்துசேர வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்கின்றன. இத்தாமதம் பெரும்பாலும் மதிப்பீட்டாளரின் காலடியில் இல்லை. அவர் வருமுன் வீட்டுக்காரர் எடுத்துவைக்கவேண்டிய பத்திரங்களிலேயே உள்ளது. உறுதி, நில அளவைப் படம், கட்டட அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியன ஒருங்கே இருப்பின் வேலை விரையும். ஒன்று குறையினும் அது தடைப்படும். மலையகப் பெருந்தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தோரிடம் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததில்லை. அவ்வில்லாமையின் வரலாற்றையும் விளைவையும் ஊவா மாகாணத்து மீரியபெத்தவை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து மீள்பவராயிருந்தனர். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை பரவியபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டியிருந்தமையால், அவர்கள் குடும்பத்தோடு நிலையாகத் தங்கலாயினர். தங்குமிடமோ மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலான அறைகள் ஒரு கூரையின்கீழ் வரிசையாக அமைந்த லயங்களே அவர்களின் வீடுகளாயின. அறை வேலையோடு பிணைந்தது. வேலை போயின் அறையும் போகும். தோட்டக் கணக்கேட்டில் லயம் தொழிற்சாலையைப் போலவும் களஞ்சியத்தைப் போலவும் தோட்டத்தின் உடைமையாகவே இடம்பெற்றது. குடியிருந்தவன் சுவருக்கு வெள்ளை பூசினான், முன்புறம் தாழ்வாரம் இறக்கினான், பின்புறம் அடுப்படி கட்டினான். அவனது உழைப்பும் பணமும் அவ்வறையின் பெறுமதியைக் கூட்டின. கூடிய பெறுமதி பிறர்க்குரியதாயிற்று.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதை நாம் அறிவோம். வீட்டைப் பொறுத்தவரை 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களும் அதே அளவு நோக்கத்தக்கவை. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானபோது நட்டஈட்டுக்கு உரியவராகச் சட்டம் கண்டது உடைமையாளரையே. மூன்று தலைமுறை அங்கு வாழ்ந்தவர்க்கு அக்கணக்கில் இடமில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறி, பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டபோதும் நிலை அதுவே. தோட்டம் கைமாறுந்தோறும் லயமும் கைமாறிற்று. உள்ளிருந்தவர் பெயர் எந்த உறுதியிலும் ஏறவில்லை.

உள்ளூராட்சியும் இவ்வாறே ஒதுங்கி நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடுவதைத் தடுத்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. சோலைவரி இல்லாதிருந்தது நன்மையன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். வரியேட்டிற் பெயர் இல்லாத வீட்டை எந்த வங்கி ஈடாக ஏற்கும் என்பதை அவர்கள் சிந்திக்கவேண்டும்.

இனி மீரியபெத்தவுக்கு வருவோம். பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே, மலைச்சரிவில் அமைந்த தோட்டக் குடியிருப்பு அது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கும் பணி 1990இல் தொடங்கிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் இக்குடியிருப்பு ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என எச்சரித்தது. அதாவது சரிவின் ஆபத்து இருமுறை மதிப்பிடப்பட்டது; அதன்மேல் நின்ற வீடு ஒருமுறையேனும் மதிப்பிடப்படவில்லை. ஆபத்தான இடத்தில் உறுதியுள்ள வீடு வைத்திருப்பவன் நட்டத்துக்கேனும் அதை விற்று வேறிடம் தேடலாம். ஈடு வைத்துக் கடன் பெறலாம். லயத்தில் இருந்தவனுக்கு அவ்வழி எதுவும் இல்லை. பேரும் கொழுந்தும் சம்பளமும் இருந்த அதே தோட்டத்தை விட்டு அவன் எங்கே செல்வான்? மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை என்று கூறுவோர் இதனைக் கருதுவதில்லை.

2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. காணாமற்போனோர் தொகை முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டுப் பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டமை, எந்த அறையில் எவர் வாழ்ந்தார் என்பதற்குக்கூட உடனடியாக எடுத்துப் பார்க்கத்தக்க பதிவு இல்லாமையைக் காட்டும். உயிர் தப்பியோர் ஏறத்தாழ ஈராண்டு தற்காலிக இடங்களிற் காத்திருந்தபின், 2016இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டன.

உறுதியில்லாதவரும் நீதியாக நடத்தப்படவேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் தேசியக் கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை முன்பே கூறியிருந்தது என்பது இவ்விடத்து நினைவுகொள்ளத்தக்கது. கொள்கை இருந்தது, அதனைப் பற்றிப் பிடிக்க ஒரு துண்டுக் காகிதம் மக்களிடம் இல்லை.

2015க்குப் பின் மலையகத்தில் ஏழு பேர்ச்சு நிலத்துடன் தனிவீடு என்னும் திட்டம் இடம்பெற்றது. ஏழு பேர்ச்சு ஏறத்தாழ 1,900 சதுர அடி. பழைய அறையோ 120 சதுர அடி. இந்திய உதவியுடன் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் இவ்வழியில் அமைவன. ஆனால் சுவரெழும்பும் வேகத்தில் உறுதி வருவதில்லை. வீடு கிடைத்தும் உறுதி கிடையாதவர், விலைமதிப்பைப் பொறுத்தவரை, லயத்தில் இருந்த நிலையிலேயே இருக்கின்றனர்.

தோட்டத்துச் சங்கங்களும் படித்த இளைஞரும் இதிற் செய்யக்கூடியன உள. உறுதி பெற்றோர் அதனைக் காணிப் பதிவகத்திற் பதிந்து, எல்லைக்கற்களை மண் மூடாது காத்து, பின்னர் கட்டும் ஒவ்வோர் அறைக்கும் சபையின் அனுமதி பெறுவாராயின், மதிப்பீட்டாளர் இரண்டாம் முறை வரவேண்டியதில்லை. வரும் நாளில் எல்லா அறைகளும் திறந்திருத்தலும், செலவுச் சிட்டைகள் ஒரு கோவையில் இருத்தலும் நன்று. உறுதி பெறாதோர் வீட்டின் அளவு, குடியிருந்த ஆண்டுகள், தாம் கட்டிய பகுதிகள் ஆகியவற்றைப் புகைப்படத்துடன் எழுதி, கிராம உத்தியோகத்தரின் சான்றுடன் வைத்திருக்கலாம். இது உறுதியாகாது, வாழ்ந்தமைக்குச் சாட்சியாகும். அதன் ஒரு பிரதி அதே லயத்தில் இராமல், சரிவுக்கு வெளியே, உறவினர் வீட்டிலோ பாடசாலையிலோ இருத்தல் வேண்டும்.