பாக் வந்த வீடு

1986-ல் இளையராஜா ஒரு கேஸட் வெளியிட்டார். அதில் பாடகர் இல்லை, பாட்டு வரிகள் இல்லை, பின்னால் படமும் இல்லை. வயலின்களும் மற்ற வாத்தியங்களும் மட்டும். பெயர் 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக வைத்துவிட்டார். தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மனியின் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் அதைச் சமர்ப்பணம் செய்திருந்தார்.

அதே வருஷம்தான் 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' எல்லாம் வந்தன. லஸ் முனையில் டீக்கடை ரேடியோவிலிருந்து பல்லவன் பஸ்ஸில் போகிற காலேஜ் பையன்கள் வரை அந்தப் பாட்டுகள்தான். இந்தக் கேஸட்டை வாங்கியவர்களில் பலர் ஒரு பக்கம் கேட்டுவிட்டு, பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்து, அலமாரியில் வைத்துவிட்டார்கள். சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அது கச்சேரி மாதிரி இருந்தது. கச்சேரி கேட்கிறவர்களோ, சினிமாக்காரர் பண்ணியது என்று தொடவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன், ஆனால் இரண்டு வீட்டிலும் இலை போடவில்லை.

இதில் ஒரு துண்டைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன். அதன் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்கிறது. அடுத்த துண்டின் பெயர் '...அண்ட் வீ ஹேட் எ டாக்', அதாவது 'பேசிக்கொண்டிருந்தோம்'. இரண்டையும் சேர்த்தால் ஒரு வாக்கியம். ஏதோ பக்கத்துத் தெரு நண்பர் சாயங்காலம் காபிக்கு வந்த மாதிரி!

பாக் இறந்தது 1750-ல். தியாகராஜர் பிறந்தது 1767-ல். நடுவில் 17 வருஷம். திருவையாறு பெயரை பாக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அவர் கையில் இருந்த வாத்தியம் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அந்தக் குடும்பம் அப்போது மதராஸுக்குப் பக்கத்து மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசிப்பதைக் கேட்டுத்தான் தீட்சிதரும் நோட்டு ஸ்வர சாகித்யங்கள் பண்ணினார், சுமார் 40. அதில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டு. அத்தனையும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். தீட்சிதர் செய்தால் அது பெருந்தன்மை, பண்ணைப்புரத்துக்காரர் செய்தால் கலப்படமா என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். நேரான பதில் சொன்னவர் குறைவு.

1890களில் இதே சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்பவர் தியாகராஜர் கீர்த்தனைகளை மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிப் பதிப்பித்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், கிறிஸ்தவர். வாலாஜாபேட்டை பரம்பரையில் வந்த பாடங்களைக் கேட்டு, ஐந்து கோட்டுக்குள் கொண்டுவர ஆயுளைச் செலவழித்தார். அவரையும் அநேகமாக மறந்துவிட்டோம். ஆக, இந்த வழி புதிதல்ல. அவ்வப்போது ஒருவர் நடப்பார், புல் முளைத்து மூடிவிடும்.

இப்போது மயிலாப்பூர் சமாசாரத்துக்கு வருகிறேன். 1968-ல் ராசையா என்ற இளைஞர் சென்னைக்கு வந்து மேற்கத்திய சங்கீதம் கற்றுக்கொண்டது எங்கே? நம் பேட்டையில்தான். தன்ராஜ் மாஸ்டர் தங்கியிருந்த சாயி லாட்ஜ் அறையில். ஒரு லாட்ஜ் அறை, ஒரு பியானோ, சுற்றிலும் நோட்டுப் புத்தகங்கள். சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் நோட்ஸ் பார்த்து வாசித்த எத்தனையோ பேர் அவர் மாணவர்கள். பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் கற்றவர். ராசையாவை 'ராஜா' ஆக்கியவர் அந்த மாஸ்டர், முன்னால் 'இளைய' சேர்த்தவர் பஞ்சு அருணாசலம். கிளாசிக்கல் கிடாரில் லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். பாக்கை இளையராஜா சந்தித்த 'வீடு' எதுவென்று கேட்டால், நான் அந்த லாட்ஜ் அறையைத்தான் சொல்வேன். கபாலி கோயிலிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் டிசம்பர் சீசனில் அகாடமிக்கும் ரசிக ரஞ்சனி சபாவுக்கும் அலைந்த நம்மவர்களுக்கு அந்த அறை கண்ணில் படவே இல்லை.

சரி, அந்தத் துண்டில் என்னதான் இருக்கிறது?

பாக் தனி வயலினுக்காக எழுதி 1720-ல் சுத்தப் பிரதி எடுத்து வைத்த ஆறு படைப்புகள் உண்டு. கடைசியில் வருவது மூன்றாவது பார்ட்டிட்டா. அதன் முதல் பகுதி 'பிரெலூட்'. தொடங்கினால் நிற்காது. அநேகமாக முழுக்க ஒரே வேகத்தில், துரித காலத்தில் ஸ்வரங்கள் கொட்டிக்கொண்டே போகும். தாளம் போட்டுப் பார்த்தால் மூன்று மூன்றாக எண்ணலாம். ஸ்வரங்களைப் பார்த்தால் நம் சங்கராபரணம், ஆனால் கமகம் துளியும் கிடையாது. பாக்குக்கே இது மிகவும் பிடித்திருக்கவேண்டும். பிறகு தேவாலயக் கச்சேரி ஒன்றுக்கு இதையே ஆர்கன் முன்னால் நிற்க, ஆர்கெஸ்ட்ராவோடு மாற்றி எழுதினார்.

இளையராஜா இதைத் திருத்தவில்லை. பாக்கின் வயலின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் மற்ற வயலின்களைக் கொண்டு, நம் மண்ணின் சாயலில் வேறு ஒரு சங்கீதத்தை நடக்கவிடுகிறார். வந்த விருந்தாளி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் இடைவெளி பார்த்துப் பதில் சொல்கிறார். இருவரும் ஒருவரையொருவர் மடக்கவில்லை.

இதில் உள்ள கஷ்டம் சங்கீதம் கற்றவர்களுக்குப் புரியும். நம் ஸ்வரம் அசையும். காந்தாரம் என்றால் ஒரு புள்ளி அல்ல, அது போய்வருகிற ஒரு பாதை. மேற்கத்திய ஹார்மனிக்கோ ஸ்வரம் நிற்கவேண்டும், நின்றால்தான் மேலும் கீழும் வேறு ஸ்வரங்களை அடுக்கலாம். ஆடுகிற பலகையில் எப்படிப் பாத்திரம் அடுக்குவது? எங்கே ஆடவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதைவிட, வாசிக்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இந்த இடத்தில் வி.எஸ். நரசிம்மனைச் சொல்லாமல் போனால் பாவம். கேஸட்டின் பிரதான வயலின் அவர்தான். வில்லை நம் வழியிலும் போடுவார், ஐரோப்பிய வழியிலும் போடுவார். பின்னால் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று குழு வைத்து, இரண்டு வயலின், வயோலா, செல்லோ கொண்டு கீர்த்தனைகளை ஹார்மனியோடு வாசித்தவர். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தன் கையாலேயே நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர் என்பது தெரிந்ததே. ஆனால் காகிதத்தில் இருப்பதற்கு உயிர் வருவது வில்லில்தான்.

வெளிநாட்டில் இந்தப் பைத்தியம் முன்பே பிடித்திருந்தது. 1969-ல் ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பாக்கின் 'பூரே' ஒன்றைப் புல்லாங்குழலில் வாசித்தது. எமர்சன், லேக் அண்ட் பாமர் 1971-ல் ரஷ்ய முசோர்க்ஸ்கியின் படைப்பு ஒன்றையே முழு ரிக்கார்டாகப் போட்டார்கள். புரோகிரஸிவ் ராக் என்று அதற்குப் பெயர். சில வருஷத்திலேயே 'இது ஆடம்பரம், ராக்கும் இல்லை கிளாசிக்கலும் இல்லை' என்று கேலி பேசி ஓரங்கட்டினார்கள். இன்று அவர்களுடைய பேரன் வயசுப் பையன்கள் அந்தப் பழைய தட்டுகளைத் தேடித்தேடி, யாரும் கவனிக்காத பாட்டை எடுத்து வைத்து வாதாடுகிறார்கள். நம் ஊரிலும் நடப்பது அதேதான், நாற்பது வருஷம் கழித்து.

நடுவில் ஒரு ஆள் மட்டும் இந்தக் கேஸட்டை ஒழுங்காகக் கேட்டார்: பாலு மகேந்திரா. 1988-ல் வந்த 'வீடு' படத்தில் பாட்டே கிடையாது. பின்னணிக்கு இந்த ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்துக்கொண்டார். அர்ச்சனா வீடு கட்ட அலைகிற கதை. அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியை மறந்தவர் உண்டா? இது ஏற்கெனவே கேஸட்டில் வந்த சங்கீதம் என்று தெரியாமலேயே பலர் அந்தப் படத்தில் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

சபாக்காரர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை? ஒரு வருஷம் முன்னால்தான், 1985-ல், 'சிந்து பைரவி' வந்திருந்தது. தியாகராஜரின் 'மரி மரி நின்னே' காம்போதி ராகத்துக் கீர்த்தனை. அதைச் சாரமதிக்கு மாற்றி, நாட்டுப்புற மெட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார் இளையராஜா. மாட வீதித் திண்ணைகளில் அன்று நடந்த விவாதம் கொஞ்சமா? அந்தச் சூடு ஆறுவதற்குள் பாக்கோடு தியாகராஜரைச் சேர்த்து ஒரு கேஸட். சினிமாக்காரர் என்பது வெளியே சொன்ன காரணம். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடையில் ஆர்மோனியம் வாசித்து வந்தவர் தியாகராஜரைத் தொடலாமா என்பது சொல்லாத காரணம். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. இந்தப் பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. பாலமுரளிகிருஷ்ணா 1977-லேயே அவருக்குப் பாடியிருந்தார், டி.வி. கோபாலகிருஷ்ணன் அவருக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். வித்வான்களுக்கு இல்லாத தயக்கம் ரசிகர்களுக்கு இருந்தது.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிற எங்கள் கோஷ்டியில் ஒருவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். அரியக்குடி, செம்மங்குடி என்று நேரில் கேட்ட காது. இந்தக் கேஸட்டை நான் கொடுத்தபோதெல்லாம், "அந்த மிக்ஸர் பொட்டலம் நமக்கு வேண்டாம்டா" என்று திருப்பிக் கொடுத்தவர். அவர் பேத்தி வெஸ்டர்ன் வயலின் கற்றுக்கொள்கிறாள். மயிலாப்பூரில் இன்று தெருவுக்கு இரண்டு பிள்ளைகள் டிரினிட்டி கிரேடு எழுதுகிறார்கள், அது தனிக் கதை. அந்தப் பெண் பாக்கின் இந்தப் பிரெலூடைத்தான் மாதக்கணக்கில் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தாள். பெரியவருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. ஒருநாள் யாரோ அனுப்பியதை அவள் செல்போனில் போட்டிருக்கிறாள். "தாத்தா, இது நான் வாசிக்கற பீஸ்தான். ஆனா மேல வேற யாரோ பாடிண்டிருக்கா, கேளுங்கோ" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் பெஞ்சில் அவர் சொன்னது: "பாக்கை ஒரு ஸ்வரம்கூட இடிக்கலைடா. அந்த ஓட்டத்துல எங்க நுழையறதுன்னு தேடித் தேடி நுழையறான். நல்ல பக்கவாத்தியக்காரன் அப்படித்தான் பண்ணுவன்." கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லலையே" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தினம் ஒரு துண்டு. பேத்தியும் விடுமுறை நாட்களில் வந்து உட்காருகிறாள். 'மேட் மாட் மூட் ஃப்யூக்' என்பதற்கு அவள்தான் விளக்கம் சொன்னாள். ஃப்யூக் என்றால் ஒரு குரல் மெட்டைத் தொடங்கும், அடுத்து இன்னொரு குரல் அதே மெட்டை வேறு ஸ்தாயியில் எடுக்கும், பிறகு மூன்றாவது. ஒரே பல்லவியை நாலு பேர் வேறு வேறு நேரத்தில் எடுத்தும் சண்டை வராமல் இருப்பது என்று பெரியவர் மொழிபெயர்த்தார்.

எல்லாமே உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். சில துண்டுகள் முடியவேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதாகத் தோன்றும். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' கேட்பதற்கு இதைவிட வழவழப்பாக இருக்கும், ஆனால் இந்தத் துணிச்சல் அதில் இல்லை என்பது என் கட்சி. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோது ஊரே கொண்டாடியது. டிவியில் பேசியவர்கள் பலரும் அது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த மாதிரிப் பேசினார்கள். 1986 கேஸட்டைச் சொன்னவர் நான் பார்த்த வரையில் ஒருவர்தான்.

இப்போது இந்த இசையை இணையத்தில் யாரும் நொடியில் கேட்கலாம். ஆனால் செல்போனில் ஓடவிட்டால் இளையராஜா பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது, வாசித்தவர்கள் பெயர் கண்ணில் படுவதில்லை. பேத்தி கேட்ட முதல் கேள்வியே, "செல்லோ யாரு தாத்தா?" என்பதுதான். என் பிரதியின் அட்டை ஒரு மழையில் ஊறிப் போய்விட்டது. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது பழைய கேஸட் அட்டையோ எல்.பி. உறையோ பத்திரமாக இருந்தால், அதில் அச்சிட்டிருக்கும் பெயர்களை ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பூங்காவில் ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறாள்.